வெண்ணெயைக் குறைத்துப் பழம் சேர்த்த பிரவுனி: எந்தப் பழம், எவ்வளவு?

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் விடுமுறை நாள்களில் பிரவுனி செய்வது வழக்கம். நான் பின்பற்றும் அளவு உங்களில் பலருக்கும் பழகியதாகவே இருக்கும். 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டுக்கு வெண்ணெய் 150 கிராம், டார்க் சாக்லேட் 150 கிராம், சர்க்கரை 250 கிராம், முட்டை 3, மைதா 90 கிராம், கோக்கோ பவுடர் 30 கிராம். சுவையில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. ஆனால், அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மாமனாருக்குக் கொழுப்பின் அளவு கூடியிருப்பதாகத் தெரிய வந்ததால், வெண்ணெய், நெய், பொரித்த பண்டங்கள் ஆகியவற்றை நன்றாகக் குறைத்துக்கொள்ளும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். பேரப்பிள்ளைகள் சாப்பிடும்போது அவர் மட்டும் காப்பித் தம்ளரோடு எழுந்து திண்ணைக்குப் போய்விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வெண்ணெயை முழுவதுமாக எடுத்துவிட்டு அதே எடைக்கு மசித்த வாழைப்பழம் சேர்த்தால் போதும் என்று இணையத்தில் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அந்தக் குறிப்புகளின்படி செய்தால் கிடைப்பது வாழைப்பழக் கேக்காகத்தான் இருக்கிறது. கோக்கோவின் மணத்தைப் பழத்தின் மணம் அமுக்கிவிடுகிறது; உள்ளே ஈரமாகவும் அடர்த்தியாகவும் இருக்க வேண்டிய இடம் பொதபொதவென்று உப்பி, ஆறியபின் சவ்வாக இழுபடுகிறது. பிள்ளைகளே ஒரு துண்டுக்கு மேல் தொடுவதில்லை.

பிரவுனி பிரவுனியாகவே இருக்க வேண்டும். கொழுப்பு மட்டும் குறைய வேண்டும். கடைத்தெருவில் கிடைக்கும் எளிய பொருள்களைக் கொண்டே செய்ய வேண்டும். ஆயிரம் ரூபாய்க்குப் பாதாம் மாவு வாங்கும் எண்ணம் இல்லை. எந்தப் பழம் இதற்கு ஏற்றது, அதை எந்த அளவில் சேர்ப்பது, மற்றப் பொருள்களின் அளவையும் மாற்ற வேண்டுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். வீட்டில் 28 லிட்டர் ஓ.டி.ஜி. அடுப்பு இருக்கிறது.

மாவுச்சல்லடை (திருச்சி) எழுதியது:

வணக்கம் சகோதரி. நீங்கள் படித்த குறிப்புகளின் கோளாறு, வெண்ணெயை வெறும் ஈரப்பதமாக மட்டும் எண்ணிக்கொண்டு அதன் இடத்தில் பழத்தை வைப்பதுதான். வெண்ணெய் அங்கே செய்யும் வேலைகள் வேறு. மாவிலுள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து குளூட்டன் இழைகளாகப் பின்னிக்கொள்ளாதபடி கொழுப்பு அந்தப் புரதத்தின் மேல் பூச்சாகப் படிந்து தடுக்கிறது; அதனால்தான் துண்டு வாயில் வைத்ததும் கரைகிறது. கோக்கோ, வனிலா ஆகியவற்றின் மணப்பொருள்களில் பெரும்பகுதி கொழுப்பில்தான் நன்றாகக் கரையும் என்பதால், சுவையை நாக்கில் நிறுத்தி வைப்பதும் அதுவே.

இப்போது கணக்கைப் பாருங்கள். 150 கிராம் வெண்ணெயில் ஏறத்தாழ 120 கிராம் கொழுப்பும் 25 கிராம் தண்ணீரும் இருக்கின்றன. 150 கிராம் வாழைப்பழத்திலோ கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். தண்ணீர் மட்டும் 110 கிராமுக்கு மேல் இருக்கிறது. தடுப்புச் சுவரை அகற்றிவிட்டு, தண்ணீரை நான்கு மடங்கிற்கும் மேலாகக் கூட்டினால், மைதாவில் குளூட்டன் தாராளமாக உருவாகத்தான் செய்யும். நீங்கள் சொல்லும் சவ்வுத்தன்மைக்கு அதுவே காரணம்.

ஆகவே என் முதல் ஆலோசனை, கொழுப்பைப் பூச்சியமாக்க முயல வேண்டாம் என்பது. இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயை விட்டுவைத்தால் போதும், பிரவுனியின் தன்மை தப்பிக்கும். குறைக்க வேண்டிய கொழுப்பு வெண்ணெயில் மட்டும் இல்லை, சாக்லேட் கட்டியிலும் ஒளிந்திருக்கிறது. டார்க் சாக்லேட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. உங்கள் 150 கிராமில் அது 50 கிராம். கோக்கோ பவுடர் என்பது அந்தக் கொழுப்பைப் பெருமளவு பிழிந்தெடுத்தபின் எஞ்சும் தூள். கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான வகைகளில் 10 முதல் 12 விழுக்காடுதான் கொழுப்பு இருக்கும். எனவே சாக்லேட் கட்டியை விட்டுவிட்டு, கோக்கோவை 50 கிராமாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எண்ணெய் என்றதும் உங்கள் ஊரில் தேங்காயெண்ணெய்தான் முதலில் கைக்கு வரும். அருமையான எண்ணெய்தான் என்றாலும் அதில் 80 விழுக்காட்டுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, அதாவது இரத்தத்தில் கொழுப்பைக் கூட்டும் வகை. வெண்ணெயையும் விஞ்சிய அளவு. மருத்துவர் சொன்ன காரணத்திற்காகச் செய்யும்போது அதைத் தவிர்த்து, சூரியகாந்தி எண்ணெயோ மணம் நீக்கிய கடலை எண்ணெயோ எடுங்கள். நல்லெண்ணெயின் மணம் கோக்கோவோடு ஒத்துப்போகாது.

பழத்தைப் பொறுத்தவரை என் வாக்கு பேரீச்சம்பழத்திற்கே. வாழைப்பழத்தின் குணம் அதன் வாசம். அதை எதனாலும் மறைக்க முடியாது. பேரீச்சைக்கு அப்படித் தூக்கலான மணம் கிடையாது. அதன் கருப்பட்டிச் சுவை கோக்கோவின் கசப்போடு ஒன்றிவிடுகிறது. உலர்பழம் ஆகையால் தண்ணீர் எவ்வளவு போக வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது. நார்ச்சத்தும் நூறு கிராமுக்கு 8 கிராம் அளவில் இருப்பதால், ஈரத்தைப் பிடித்துவைத்து அடர்த்தியையும் கொடுக்கிறது.

அதே 20 சென்டிமீட்டர் தட்டுக்கு என் அளவைச் சொல்கிறேன். விதை நீக்கிய பேரீச்சை 150 கிராம், கொதிநீர் 100 மில்லிலிட்டர், கோக்கோ 50 கிராம், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, முட்டை 2, சர்க்கரை 80 கிராம், மைதா 75 கிராம், ஆப்பசோடா கால் தேக்கரண்டி, உப்பு இரண்டு சிட்டிகை, இன்ஸ்டன்ட் காப்பித்தூள் ஒரு தேக்கரண்டி. காப்பித்தூள் காப்பிச் சுவைக்காக அன்று. கொழுப்பு குறையும்போது மெலிந்துபோகும் கோக்கோச் சுவைக்கு அது முட்டுக்கொடுக்கும்.

உறையில் விதை நீக்கியது என்று அச்சிட்டிருந்தாலும் பேரீச்சை ஒவ்வொன்றையும் பிளந்து பார்த்துவிடுங்கள். ஒரு கொட்டை தப்பினாலும் மிக்ஸியின் பிளேடு போய்விடும். பழத்தைக் கொதிநீரில் 20 நிமிடம் ஊறவைத்து, ஊறிய நீரோடு சேர்த்துச் சிறிய ஜாரில் வெண்ணெய்ப் பதத்திற்கு அரையுங்கள். விழுதை அடுப்பிலேற்றிச் சூடாக்கி இறக்கிய கையோடு கோக்கோவையும் காப்பித்தூளையும் எண்ணெயையும் அதில் சேர்த்துக் கிளறுங்கள். சூட்டில் கோக்கோ விரிந்து நிறமும் மணமும் எழுவது உங்களுக்கே தெரியும். கலவை பளபளவென்று கறுத்து வரும். அது கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறும்வரை முட்டையையும் சர்க்கரையையும் தனிக் கிண்ணத்தில் நுரை பொங்க இரண்டு மூன்று நிமிடம் அடித்து, பிறகு இரண்டையும் சேருங்கள். கடைசியாகச் சலித்த மைதா, சோடா, உப்பு. மாவு விழுந்தபின் கரண்டியால் மடித்துக் கலப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெள்ளை மறைந்தால் போதும். வெண்ணெய் போட்ட பிரவுனி கொஞ்சம் அதிகமாகக் கலக்கினாலும் மன்னித்துவிடும், இது மன்னிக்காது.

சோடாவைப் பற்றி ஒரு சொல். கோக்கோ உறையின் பின்புறத்தில் அமிலச் சீராக்கி என்று குறிப்பிட்டு 500 அல்லது 501 என்ற எண் இருந்தால், அது காரம் (அமிலத்தை முறிக்கும் ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்திய கோக்கோ. அதன் இயல்பான புளிப்பு ஏற்கெனவே முறிந்துவிட்டதால் சோடா முழுமையாக வேலை செய்யாமல் எஞ்சிநின்று வாயில் கரிப்புத் தட்டலாம். அதற்குச் சோடாவை விட்டு, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் போடுங்கள். எண் எதுவும் இல்லாத, செம்பழுப்பு நிறக் கோக்கோ என்றால் சோடாவே சரி. உங்கள் பகுதியில் தென்னைக்கு ஊடுபயிராகக் கோக்கோ விளைகிறது. அங்கேயே சிறிய அளவில் அரைத்து விற்பவர்களிடம் கிடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையாக இருக்கும்.

அடுப்பை 170 டிகிரி செல்சியஸில் 10 நிமிடமாவது முன்சூடு செய்து, பட்டர் பேப்பர் விரித்த தட்டை நடுத்தட்டில் வையுங்கள். கொழுப்புக் குறைந்த கலவை தட்டில் ஒட்டும் என்பதால் வெறுமனே எண்ணெய் தடவினால் போதாது. 20 நிமிடத்தில் பாருங்கள். இதில் பல்குச்சிச் சோதனையை முழுதாக நம்ப முடியாது. பேரீச்சை விழுது எந்நிலையிலும் குச்சியில் ஒட்டிக்கொண்டுதான் வரும். ஓரங்கள் தட்டை விட்டு மயிரிழை அளவு விலகியிருக்க வேண்டும், தட்டை அசைத்தால் நடுப்பகுதி தளும்பக் கூடாது. அவ்வளவுதான், எடுத்துவிடுங்கள். மூன்று நிமிடம் கூடுதலாக விட்டால் காய்ந்துபோகும். காய்ந்ததை மீட்க இதில் வெண்ணெய் இல்லை.

உங்கள் பழைய அளவில் ஒரு தட்டுக்கு 190 கிராம் கொழுப்பு வரும்; 16 துண்டுகளாக வெட்டினால் துண்டுக்கு 12 கிராம். இந்த அளவில் தட்டு முழுவதற்கும் 45 கிராம்; துண்டுக்கு 3 கிராமுக்கும் குறைவு. கலோரியும் துண்டுக்கு 200-க்கு மேல் இருந்தது 100-க்கு அருகே இறங்கிவிடும். மேலே அக்ரூட் தூவ ஆசை இருந்தால் 30 கிராம் வரை தூவலாம். துண்டுக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் கொழுப்பு கூடும், ஆனால் அது நிறைவுறாக் கொழுப்பு.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். கடைப் பிரவுனியின் மேல் காகிதம்போல் வெடிக்கும் அந்தப் பளபளப்பான மேல்தோல் இதில் வராது. அது நிறையச் சர்க்கரை முட்டையில் கரைந்து உருவாகும் படலம். சர்க்கரையைக் குறைத்தால் அதுவும் போய்விடும்.

கணக்குப்பிள்ளை (மதுரை) எழுதியது:

மேலே எழுதிய அன்பருடைய செய்முறையில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் தலைப்பில் உள்ள கொழுப்பைக் குறைத்தால் உடலுக்கு நல்லது என்ற எண்ணத்தைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இதே பாதையில் ஒரு தலைமுறை முன்பே நடந்து பார்த்துவிட்டார்கள். 1992-இல் நபிஸ்கோ நிறுவனம் ஸ்நாக்வெல்ஸ் என்ற பெயரில் கொழுப்பு நீக்கிய குக்கீகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது; கடைகளில் இருப்பு வைக்க முடியாத அளவுக்கு விற்றது. கொழுப்புப் போன இடத்தைச் சர்க்கரை நிரப்பியிருந்தது என்பதும், கொழுப்பு இல்லை என்ற துணிச்சலில் மக்கள் இரண்டு சாப்பிடும் இடத்தில் நான்கு சாப்பிட்டார்கள் என்பதும் பிறகுதான் பேசப்பட்டது. உடலுக்கு நல்லது என்று பெயர் வாங்கிய பண்டத்தை அளவுமீறிச் சாப்பிடும் போக்கை இன்றும் அந்தக் குக்கீயின் பெயராலேயே அங்கு குறிப்பிடுகிறார்கள்.

பேரீச்சையில் நூறு கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் சர்க்கரைதான். பழத்திலிருந்து வந்தது என்பதால் இரத்தம் அதற்குத் தனிக்கணக்கு வைப்பதில்லை. நார்ச்சத்து அதன் வேகத்தைச் சற்று மட்டுப்படுத்துகிறது என்பது மட்டுமே வேறுபாடு. மேலே உள்ள அளவில் பழத்தின் சர்க்கரை 95 கிராம், சேர்க்கும் சர்க்கரை 80 கிராம், ஆக 175 கிராம். 16 துண்டுகளாக வெட்டினால் துண்டுக்கு 11 கிராம் வருகிறது. மாவுச்சத்தையும் கூட்டினால் 15 கிராமை நெருங்கும். பழைய அளவில் சாக்லேட்டில் உள்ளதையும் சேர்த்துத் துண்டுக்கு 20 கிராம் சர்க்கரை இருந்தது என்பதால் இது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால், சகோதரி, உங்கள் மாமனாருக்குச் சர்க்கரை நோயும் இருக்குமானால் ஒரு துண்டோடு நிறுத்துவதே நல்லது. அதையும் இரவுச் சாப்பாட்டின் மேல் கூடுதலாக வைக்காமல், மாலையில் அவர் வழக்கமாகச் சாப்பிடும் பிஸ்கட்டுக்கோ பணியாரத்துக்கோ மாற்றாகக் கொடுங்கள். மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சர்க்கரை 80 கிராமை 50-ஆகக் குறைக்கலாம் என்பது என் கருத்து. சிறுவர்கள் முதல் நாள் முகம் சுளிப்பார்கள், பழகிவிடும்.

ஏரிக்கரை (டொராண்டோ) எழுதியது:

இங்கே குளிர்காலத்தில் பேக்கிங்தான் பொழுதுபோக்கு. ஆகவே நானும் கொஞ்சம் சொல்கிறேன். வட அமெரிக்காவில் கொழுப்புக்கு மாற்றாகப் பழம் என்றாலே முதலில் சொல்வது சர்க்கரை சேர்க்காத ஆப்பிள் கூழ். அது பாட்டிலில் மலிவாகக் கிடைப்பதுதான் அதற்குக் காரணமே தவிர, பிரவுனிக்கு அது சிறந்தது என்பதால் அன்று. ஆப்பிள் கூழில் 88 விழுக்காடு தண்ணீர். பெக்டின் என்ற, கூழை இறுகவைக்கும் நார்ப்பொருள் இருப்பதால் மென்மை கிடைக்கும், ஆனால் கேக்கின் மென்மைதான் கிடைக்கும். ஊரில் ஆப்பிளை வைத்துச் செய்ய விரும்புகிறவர்கள் இரண்டு பழத்தைத் தோல் சீவி நறுக்கி, மூன்று கரண்டித் தண்ணீரில் வேகவைத்து மசித்தபின், கரண்டியால் கோடிழுத்தால் அடிப்பாத்திரம் தெரிந்து நிற்கும்வரை மெல்லிய தீயில் வற்றவைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பாதி வேலையை விட்டுவிட்டு, கூழை அப்படியே கொட்டச் சொல்லும் குறிப்புகளே இணையத்தில் மிகுதி.

பிரவுனிக்கென்றே இங்கே பேர்பெற்றது புரூன் எனப்படும் உலர்ந்த பிளம்ஸ். 1990-களில் கொழுப்பைக் குறைக்கும் அலை வீசியபோது கலிபோர்னியாவின் புரூன் வணிகத்தார் இதை வெண்ணெய்க்கு மாற்றாக முன்னிறுத்தி விளம்பரப்படுத்தினார்கள். விளம்பரம் என்றாலும் உள்ளே சரக்கு இருந்தது. புரூனில் சார்பிடால் என்ற பொருள் நூறு கிராமுக்கு 15 கிராம் அளவில் இருக்கிறது. அது காற்றிலிருந்தே ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும் தன்மை உடையது என்பதால், பிரவுனி மூன்றாம் நாளிலும் காயாது. சர்க்கரையும் பேரீச்சையைவிடக் குறைவு. 40 கிராமுக்கு உள்ளேதான். புளிப்பும் கறுப்பு நிறமும் கோக்கோவுக்கு இயல்பாகவே இசைகின்றன. 225 கிராம் புரூனுக்கு 90 மில்லிலிட்டர் வெந்நீர் விட்டு அரைத்தால் ஒரு கப் விழுது வரும். குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டு, பேரீச்சை விழுதின் எடைக்கு எடை சேர்க்கலாம்.

ஆனால், அதே சார்பிடால்தான் புரூனை மலச்சிக்கலுக்குக் கைமருந்தாகவும் ஆக்கியிருக்கிறது. சின்னப் பிள்ளைகள் ஆளுக்கு நான்கு துண்டு எடுத்தால் அன்றிரவு யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. இந்தியாவில் புரூனின் விலை பேரீச்சையைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருக்கும் என்பதால், எளிய பொருள்கள் என்ற உங்கள் நிபந்தனைக்கு அது பொருந்துமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தென்னந்தோப்பு எழுதியது:

மிக்க நன்றி. வெண்ணெயைத் தவிரச் சாக்லேட் கட்டியிலும் இவ்வளவு கொழுப்பு மறைந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்ததில்லை. மாமனாருக்குச் சர்க்கரை நோய் இல்லை. எனினும் கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதை மனத்தில் கொள்கிறேன்.

மேலும் சில ஐயங்கள். அத்தை புரட்டாசியில் முட்டை சேர்ந்த எதையும் தொடமாட்டார். முட்டை இல்லாமல் இதே அளவைச் செய்ய முடியுமா? மைதாவுக்குப் பதிலாகக் கோதுமை மாவும், வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரையும் போட்டால் பதம் மாறுமா? தோட்டத்தில் சப்போட்டா நிறையக் காய்க்கிறது, சந்தையில் மலைவாழைப்பழமும் வருகிறது. இவை இரண்டையும் எந்த வகையிலும் பயன்படுத்த முடியாதா?

வெள்ளிமீன் (நாகர்கோவில்) எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. என்னிடம் ஓ.டி.ஜி. இல்லை. குக்கரில் இதைச் செய்ய இயலுமா? விசிலையும் ரப்பர் வளையத்தையும் கழற்றிவிட்டு, அடியில் உப்புப் பரப்பிக் கேக் செய்திருக்கிறேன். இந்த அளவு அதற்கு ஒத்துவருமா என்று மட்டும் சொல்லுங்கள்.

மாவுச்சல்லடை எழுதியது:

வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் சப்போட்டாவும் மலைவாழையும். வாழைப்பழமே கூடாது என்று நான் சொல்லவில்லை. மோரிஸ், பூவன் போன்ற நீர்ப்பிடிப்பு மிகுந்த வகைகளை எடுத்து, வெண்ணெயின் எடைக்கு ஈடாகக் கொட்டுவதுதான் கூடாது. விருப்பாச்சி, சிறுமலைப் பகுதிகளின் மலைவாழைப்பழத்தில் ஈரம் குறைவு. பழனிப் பஞ்சாமிர்தத்திற்குத் தண்ணீர் விடாமல் பிசைந்தும் கெடாமல் நிற்கும் பழமாக அதையே தேர்ந்தெடுத்ததில் பொருள் இருக்கிறது. அத்தகைய பழத்தை மசித்து 75 கிராம், பேரீச்சை 100 கிராம், ஊறவைக்கும் நீர் 60 மில்லிலிட்டர் என்று கலந்து பாருங்கள். வாழை மணம் பின்னணியில் இருக்குமே தவிர முன்னே வராது. தோல் கறுக்கும் அளவுக்கு விட்ட பழம் இதற்கு ஆகாது. பழம் முற்றக் கனியக் கனிய மணம் தூக்கும், நீரும் விடும்.

சப்போட்டாவின் பழுப்புச் சர்க்கரைச் சுவை கோக்கோவுக்கு வாழையைவிட நெருக்கமானது. ஆனால் சதையில் ஒரு நறநறப்பு உண்டு. அரைத்தாலும் முழுதாக மறையாது. நன்கு கனிந்த சதையைச் சல்லடையில் தேய்த்தெடுத்து, வாணலியில் பாதியாக வற்றவைத்தபின், பேரீச்சை விழுதில் மூன்றில் ஒரு பங்குக்கு ஈடாகச் சேர்க்கலாம். செங்காயாக இருந்தால் துவர்ப்பு வந்துவிடும், கவனம். தோட்டத்துப் பழம் வீணாகிறதே என்பதற்காகச் செய்யலாம். கடையில் வாங்கிச் செய்யும் அளவுக்கு அதில் ஆதாயம் இல்லை.

கோதுமை மாவைத் தாராளமாகப் போடலாம். தவிடு கலந்திருப்பதால் அது மைதாவைவிட அதிகத் தண்ணீரை இழுக்கும். எனவே 75 கிராமுக்கு 65 கிராம் போதும். கலந்த மாவைத் தட்டில் ஊற்றி 10 நிமிடம் அப்படியே வைத்துவிட்டு அடுப்பில் வைத்தால் தவிடு ஊறி, கடிக்கும்போது தட்டுப்படாது. என்னைக் கேட்டால் பாதி கோதுமையும் பாதி கேழ்வரகு மாவுமாகப் போடுவேன். கேழ்வரகில் குளூட்டன் கிடையாது என்பதால் சவ்வுத்தன்மை குறையும். நிறமும் கோக்கோவோடு கலந்துவிடும். மாவை வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுத்துக்கொண்டால் பச்சை வாடை இருக்காது. முழுக்கக் கேழ்வரகு போட்டால் வெட்டும்போது உதிரும்.

நாட்டுச் சர்க்கரை சுவைக்கு மிகவும் பொருத்தம். அதில் மிகுதியாக இருப்பது வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான், கலோரியும் ஏறத்தாழ அதே அளவுதான். உடலுக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு இரண்டு கரண்டி கூடுதலாகப் போடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கணக்குப்பிள்ளை ஐயா சொன்னபடி சர்க்கரையை 50 கிராம் வரை குறைக்கலாம். 50-க்குக் கீழ் போனால் இனிப்பு மட்டுமா, ஈரமும் குறைகிறது. சர்க்கரையும் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருள் என்பதை மறக்கக் கூடாது.

முட்டை இல்லாமல் செய்வதுதான் இருப்பதிலேயே கடினமான பகுதி. இரண்டு முட்டைகளில் 75 கிராம் தண்ணீரும், 12 கிராமுக்கு மேல் புரதமும், மஞ்சள் கருவின் கொழுப்பு 10 கிராமும் இருக்கின்றன; சூட்டில் இறுகித் துண்டை நிறுத்துவது அந்தப் புரதம். வெண்ணெயும் இல்லாமல் முட்டையும் இல்லாமல் பழவிழுதை மட்டும் நம்பினால் வெந்தும் வேகாத களி போல ஆகிவிடும். ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டித் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து, அதோடு 60 கிராம் கெட்டித் தயிர் சேருங்கள். மாவை 15 கிராம் கூட்டுங்கள். காரம் சேர்க்காத கோக்கோவுக்கும் சேர்த்த கோக்கோவுக்கும் இங்கே ஆப்பசோடாவே போடலாம். தயிரின் புளிப்பு அதற்கு ஈடுகொடுக்கும். 5 நிமிடம் கூடுதலாக வேகவைத்து, முழுதாக ஆறியபின் குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்துவிட்டு வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் கத்தியோடு வந்துவிடும். முட்டை போட்டதற்கு நிகரானது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அத்தை சாப்பிடுவார்.

சிலர் மஞ்சள் கருவில் கொழுப்பு என்று அஞ்சி, நான்கு முட்டையின் வெள்ளைக் கருவை மட்டும் போடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். வெள்ளைக் கரு மிகுந்தால் இறுகித் துள்ளும் தன்மை வரும். நீங்கள் தப்ப நினைத்த சவ்வு வேறு வழியில் வீட்டுக்குள் வந்துவிடும். மஞ்சள் கருவின் லெசித்தின் எண்ணெயையும் நீரையும் பிரியாமல் இணைத்து வைப்பது. கொழுப்புக் குறைந்த கலவைக்கு அது கூடுதலாகத் தேவைப்படுகிறது. 16 துண்டுகளுக்கு இரண்டு மஞ்சள் கரு என்பது ஒருவருக்கு எட்டில் ஒரு பங்கு.

வெள்ளிமீன் அவர்களே, குக்கரில் செய்யலாம், ஆனால் அழுத்தத்திற்கென்று செய்த பாத்திரத்தைத் தண்ணீரின்றிச் சூடேற்றுவது அதற்கு நல்லதன்று. அடி கனமான பழைய பாத்திரமோ இட்லிப் பானையோ எடுங்கள். சூடு கீழிருந்து மட்டுமே வருவதால் அடி தீய்ந்து மேல் ஈரமாகவே நிற்கும். பழத்தின் ஈரம் ஆவியாகி மூடியில் பட்டு மீண்டும் மேலேயே சொட்டும். மூடியின் உட்புறம் ஒரு துணியைக் கட்டி அதன் முனைகளை நெருப்பில் படாமல் மேலே முடிந்துவிடுங்கள். தட்டின் அடியில் பட்டர் பேப்பரை இரண்டு மடிப்பாக விரித்து, உப்பின் மேல் ஒரு ஸ்டாண்டு வைத்து அதன்மேல் தட்டை வையுங்கள். கலவையின் உயரம் 2 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. சிறுதீயில் 30 நிமிடம் பிடிக்கும். 25-இல் திறந்து பாருங்கள், அதற்குமுன் மூடியைத் தூக்க வேண்டாம்.

எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. பழம் சேர்ந்த பிரவுனி வெளியே இரண்டு நாள்தான் தாங்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குளிர்பெட்டியில் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் இருக்கும். செய்த அன்று பேரீச்சை தனியாகவும் கோக்கோ தனியாகவும் நாக்கில் தெரிவதுண்டு. மறுநாள் ஈரம் சீராகப் பரவியபின் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகையால் சனிக்கிழமை மாலை செய்து ஞாயிற்றுக்கிழமை வெட்டுங்கள். வெட்டும் கத்தியை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் முக்கித் துடைத்துக்கொண்டால் ஓரம் பிசிறாமல் வரும்.